காலி நாற்காலிக்கு வக்காலத்து வேண்டாம்

"தலைவர் இல்லாததால் எந்த ஊர் நின்றுபோய்விட்டது?"

பொன்னேரி டீக்கடையிலும் கேட்கிறார்கள், படித்தவர்கள் கூடும் அறைகளிலும் கேட்கிறார்கள். திருவள்ளூர் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதற்குள் அடுத்த தலைவர்களைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடக்கவில்லை. சட்டத்தைத் திருத்தி, நிர்வாகத்தைத் தனி அலுவலர்கள் கையில் கொடுத்தார்கள். மறுநாளும் குழாயில் தண்ணீர் வந்தது, தெருவிளக்கு எரிந்தது. அதைக் கண்டு பலர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: ஊராட்சித் தலைவர் என்பவர் காசோலையில் கையெழுத்துப் போடுகிற, சாலை கான்ட்ராக்டில் கமிஷன் பார்க்கிற, விழா மேடையில் உட்காருகிற ஆள், அந்த வேலைகளை ஓர் அதிகாரி செய்தால் செலவும் மிச்சம், சண்டையும் மிச்சம்.

இந்த முடிவு தவறு. எவ்வளவு தவறு என்று காட்ட, அது மிக வலுவாகத் தோன்றும் இடத்தையே எடுத்துக்கொள்கிறேன்: பழவேற்காடு.

ஏன் அங்கே வலுவாகத் தோன்றுகிறது என்றால், அந்த ஏரிக்கரையில் ஊராட்சித் தலைவருக்குச் சொந்த அதிகாரம் என்று அநேகமாக எதுவும் இல்லை. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பங்கு 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆகவே வனத்துறையின் கையில் இருக்கிறது. மீன்பிடிப்பு மீன்வளத்துறைக்கு. முகத்துவாரம் நீர்வளத்துறைக்கு. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா விண்வெளித்துறைக்கு. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியாருக்கு. கரையோரத்தில் ஒரு சுவர் எழுப்பினால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவில் தலைவருக்கு மிஞ்சுவது குடிநீர், குப்பை, தெருவிளக்கு, வீட்டு வரி. போதாக்குறைக்கு ஒவ்வொரு குப்பத்திலும் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அதற்குத் தனித் தலைவர், தனி நிர்வாகிகள். இதைப் பார்க்கிற யாருக்கும் ஊராட்சித் தலைவர் உபரியாகத்தான் தெரிவார்.

ஆனால் அந்த ஆளின் ஒரு வாரத்தை யாராவது கூர்ந்து பார்த்திருக்கிறார்களா?

சட்டம் கொடுத்த வேலை விடிகாலையிலேயே தொடங்கிவிடும். டேங்க் ஆபரேட்டர் மோட்டார் போட்டாரா, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, எந்த விளக்குக் கம்பத்தில் உப்புக்காற்று பட்டுப் பெட்டி அரித்துவிட்டது, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் போனதா, நூறு நாள் வேலைக்கு எந்த இடத்தைக் காட்டுவது என்று அது நீளும். இதைத் தனி அலுவலரும் செயலரும் சேர்ந்து நடத்திவிடலாம் என்பதை நான் மறுக்கவில்லை. நடத்துகிறார்கள். வாதாட வேண்டிய இடம் இதுவல்ல.

வாதாட வேண்டிய இடம், எந்தச் சட்டப்பிரிவிலும் எழுதப்படாத வேலை. பழவேற்காட்டில் தலைவரின் வாரத்தைத் தின்பது அதுதான்.

முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரியும் கடலும் சந்திக்கும் வாய் மணல் மூடித் தூர்ந்துபோகும். தூர்ந்தால் படகு கடலுக்குப் போக முடியாது. போன படகு திரும்பும்போது மணல்திட்டில் தட்டிக் கவிழும். கடல்நீர் உள்ளே வராவிட்டால் ஏரியில் உப்பின் அளவு மாறும், இறால் குஞ்சு ஏறாது, மடவை குறையும். கடலுக்குப் போகிறவனுக்கும் ஏரியில் வலை போடுகிறவனுக்கும் ஒரே நாளில் அடுப்பு அணையும். மணலை அள்ளச் சொல்லி நீர்வளத்துறையைக் கேட்டால் சரணாலயம் என்பார்கள். வனத்துறையைக் கேட்டால் மேலிடத்து அனுமதி என்பார்கள். சுமார் 27 கோடி ரூபாயில் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கல்சுவர் கட்டும் திட்டமே தேசிய வனவிலங்கு வாரியம் வரை போய்வர வேண்டியிருந்தது. இத்தனை அலுவலகங்களுக்கும் நடுவே ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு நடக்க ஒரு ஆள் வேண்டும். அது துறை அதிகாரியின் வேலை அல்ல. அவருக்குத் தன் துறைதான் தெரியும். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி முழுவதும் வேலை. மீனவர் சங்கத்தார், ஊர் நிர்வாகிகள், ஊராட்சித் தலைவர் ஆகியோர்தான் அந்த நடையை நடக்கிறார்கள். இவர்களில் அரசு முத்திரையோடு கடிதம் எழுதக்கூடியவர் ஒருவரே.

திங்கட்கிழமை என்றால் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்த் திரும்பினால் ஒரு பகல் முடிந்தது. கடலுக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் பாடு. மீன் விற்கிற பெண்ணுக்கு ஒரு நாள் வியாபாரம். ஆகவே பத்துப் பேரின் மனுவை ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறவில்லை, விதவை உதவித்தொகை நின்றுவிட்டது, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டின் கூரையில் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை. இந்த மனுக்களில் தலைவர் முடிவெடுக்கக்கூடியது ஒன்றும் கிடையாது. ஆனால் எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேசினால் நகரும் என்ற அறிவு அவரிடம் ஐந்தாண்டில் சேர்கிறது. ஏழைக்கு அரசாங்கத்தின் கதவு எது என்று காட்டுகிற அறிவு அது. அதற்கு மாதச் சம்பளம் கிடையாது. மதிப்பூதியம் என்று தருவது ஒரு குடும்பத்தின் மளிகைக் கடனுக்கே காணாது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் வந்தால் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். நாடு கைதட்டுகிற நாளில் இந்தக் குப்பங்களுக்குக் கூலி இல்லை. அந்த அறிவிப்பைக் குப்பம் குப்பமாகச் சொல்லி அனுப்புவதும், ஏவுதல் தள்ளிப்போனால் மறுபடி சொல்லி அனுப்புவதும், 'எங்கள் வருமானத்துக்கு யார் பொறுப்பு' என்ற கேள்வியை நேருக்கு நேர் வாங்கிக்கொள்வதும் உள்ளூர்க்காரர்கள்தான். ஆந்திர எல்லையில் வலை தொடர்பாகத் தகராறு மூண்டால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டும். இரு பக்கத்து மீனவர்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். வழக்காகப் பதிவாவதற்கு முன் பேசி முடிக்க அவகாசம் சில மணிநேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் நாள் அது. பழவேற்காட்டில் அன்றுதான் கூட்டம். 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்திரியா கோட்டையின் மிச்சத்தையும், அவர்களுடைய கல்லறைகளையும், பூநாரைகளையும் பார்க்கச் சென்னையிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் முகத்துவாரத்தருகே படகு கவிழ்ந்து இறந்தார்கள். உயிர்காப்புக் கவசம் யாரிடமும் இல்லை. அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை போட்ட அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சவாரி கேட்கும் குடும்பம் கரையில் நிற்கும். மீன் கிடைக்காத வாரத்தில் சவாரிப் பணம் பெரிய பணம் என்று நினைக்கும் இளைஞனும் அங்கே நிற்பான். அவன் கையைப் பிடித்து 'வேண்டாம்டா தம்பி' என்று சொல்வதற்கு அவன் அப்பனை அறிந்த ஒருவர் வேண்டும்; நாளைக்கு அவனிடமே ஓட்டுக் கேட்க வேண்டியவராக இருந்தும் சொல்கிற துணிச்சலும் வேண்டும். சிலருக்கு அந்தத் துணிச்சல் இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணிச்சல் இல்லாத தலைவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம். தனி அலுவலரை யார் மாற்றுவது?

இங்கே எதிர்த்தரப்பு சொல்லும்: "இதையெல்லாம் நல்ல அதிகாரி ஒருவரும் செய்யலாமே." நல்ல அதிகாரிகளை நானும் மதிக்கிறேன். கணக்கைப் பாருங்கள். பழவேற்காட்டு ஊராட்சிகள் இருப்பது மீஞ்சூர் ஒன்றியத்தில். அந்த ஒன்றியத்தில் 55 ஊராட்சிகள். தனி அலுவலராக இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரின் வாரத்தில் வேலைநாள் ஐந்துதான். ஒரு நாளைக்கு ஓர் ஊராட்சி என்று போனாலும் மீண்டும் அதே ஊருக்கு வர மூன்று மாதம் போல ஆகும். அதுவும் அலுவலகத்தில் அவர் உட்காரவே மாட்டார் என்று வைத்துக்கொண்டால். அந்த மூன்று மாதத்துக்குள் முகத்துவாரம் மூடித் திறந்து மறுபடி மூடியிருக்கும். இதைவிடப் பெரிய வேறுபாடு, யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது. அலுவலர் மேலே பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர். இடமாற்ற ஆணை எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது; வந்தால் போய்விடுவார். தலைவர் மாலையில் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். அவர் மனைவி அதே ஏலக்கடையில்தான் மீன் எடுக்க வேண்டும்.

கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன். தலைவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் வாதாடவில்லை. கான்ட்ராக்டுகளில் பணம் கைமாறுவதை ஊரே அறியும். ஆனால் தலைவர் போனதும் கான்ட்ராக்ட் போய்விட்டதா? அதே சாலை, அதே ஒப்பந்தக்காரர், அதே அளவுப் புத்தகம். மாறியது ஒன்றுதான்: கிராம சபையில் எழுந்து நின்று 'இந்தக் கணக்கைக் காட்டு' என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தார், இப்போது இல்லை. கிராம சபையைக் கூட்டுகிறவரும் அதில் பதில் சொல்கிறவரும் அலுவலராகவே இருக்கும்போது அது கூட்டமாக இருக்கும், சபையாக இருக்காது.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில் குத்தம்பாக்கம் இருக்கிறது. இரசாயனப் பொறியியல் படித்த இளங்கோ 1996-இல் அங்கே தலைவரானார். வடிகால் கட்டக் கிரானைட் ஆலைக் கழிவுக்கல்லைப் பயன்படுத்தினார். விதிப்படி கட்டவில்லை என்று இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பியது. தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒட்டிய சுவரில் வாழும் இரட்டை வீடுகளை அவர் ஊரில் கட்டினார்கள். அந்த வடிகாலையோ அந்த வீடுகளையோ தனி அலுவலர் ஒருவர் கட்டியிருக்க முடியாது. அவருக்கு அறிவு இல்லாததால் அல்ல, விதியை மீறினால் தாங்கிப் பிடிக்க அவர் பின்னால் ஊர் இல்லாததால். மாவட்ட ஆட்சியர் நினைத்தால் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் ஒரு தலைவரை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கிவிடலாம். இவ்வளவு கடிவாளம் ஏற்கெனவே இருக்கிறது. தவறு செய்தவரைப் பிடிக்க வழி உள்ள சட்டத்தை வைத்துக்கொண்டு, நாற்காலியையே எடுத்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

"பெண் தலைவர் என்றால் கணவர்தானே நடத்துகிறார்" என்பது இன்னொரு குரல். நடக்கிறது. இதைச் சொல்லி நாற்காலியை அகற்றச் சொல்பவர்கள் ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கட்டும். பழவேற்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில், ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவர் 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு மாவட்ட நிர்வாகம் அவரைக் கொண்டு கொடியேற்ற வைத்தது. உண்மையிலேயே ஒன்றுக்கும் உதவாத பதவியாக இருந்தால், அவர் கயிற்றைப் பிடிக்கக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா? அந்த நாற்காலிக்கு என்ன விலை என்று ஆதிக்கக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

இனி, மீனவ நண்பர்கள் சொல்லும் வாதம். இது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடக் கடினமானது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. "எங்களுக்கு ஊர் இருக்கிறது. ஊர் முடிவுதான் முடிவு. ஊராட்சி யாருக்கு வேண்டும்?"

ஊர்ப் பஞ்சாயத்தைக் கட்டப் பஞ்சாயத்து என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்களோடு நான் சேரமாட்டேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் நடத்திவந்த பாடு முறையைப் பாருங்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றிவரும். மோசமான இடமும் சுற்றிவரும். காகிதமும் நீதிமன்றமும் இல்லாமல் தலைமுறைகளாக ஒரு ஏரியைப் பங்கிட்டு உண்ட ஏற்பாடு அது. ஆராய்ச்சியாளர்கள் தேடிவந்து எழுதும் அளவுக்கு நேர்த்தியானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அலுவலர் இப்படி ஒன்றை உருவாக்கிவிட முடியாது.

ஆனால் பாடு முறையில் பங்கு யாருக்கு? பட்டினவர் சமூகத்தில் மணமான ஆணுக்கு, அவர்தான் தலைக்கட்டு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண் அதில் இல்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித் குடும்பங்களுக்கு அதில் இடமில்லை. பாடு முறையை ஒட்டி வெடித்த சண்டைகள் பல இந்த இடத்திலிருந்து கிளம்பியவைதான். பட்டினவர் வீட்டுப் பெண்ணுக்கே ஊர்க்கூட்டத்தில் குரல் இல்லை. கூடை சுமந்து அந்த ஊரின் மீனை விற்றுக் காசாக்குபவள் அவள். ஜமீலாபாத் முஸ்லிம் குடும்பங்களும் மகிமை மாதா கோயில் பங்கு மக்களும் குப்பங்களும் ஒரே கரையில் வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பேச எந்த ஒரு குப்பத்தின் கூட்டத்தாலும் இயலாது. ஊர்ப் பஞ்சாயத்து ஒரு சமூகத்தின் சபை. ஊராட்சி, வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரின் சபை. 2016-இல் கொண்டுவந்த திருத்தத்தால் தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு. இருளர் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் பொன்னேரி சப்-கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தத் தாயைக் கேட்டால் தெரியும். அவளோடு நடக்க வேண்டிய கடமை ஊர்த் தலைவருக்கு இல்லை. ஊராட்சித் தலைவருக்கு உண்டு, ஏனென்றால் அவள் ஓட்டும் எண்ணப்பட்ட ஓட்டு.

இந்த நாற்காலி காலியாக இருப்பதன் மிகப் பெரிய விலை தெற்கே தெரிகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரில் இருந்ததைச் சுமார் 6,111 ஏக்கராக விரிக்கவும், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கு கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக ஏற்றவும் திட்டம் வந்தது. கடலில் மண் கொட்டி நிலம் எடுப்பதும் அதில் அடக்கம். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய மணல்கரை அரித்துப்போனால் என்ன மிஞ்சும் என்பதே மீனவர்களின் அச்சம். 2021 ஜனவரி 22-க்கு வைத்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது; 2023 செப்டம்பர் 5-க்கு வைத்ததும் தள்ளிப்போனது. அந்த இரண்டு தேதிகளிலும் இந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி வரைவு அறிக்கையின் பிரதி சம்பந்தப்பட்ட உள்ளாட்சிக்கும் போயாக வேண்டும். தலைவர் இருந்தால் அது ஊரின் கைக்கு வரும்; படித்தவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார், கிராம சபையில் வைப்பார், எதிர்ப்போ ஆதரவோ தீர்மானமாகும். நாற்காலி காலியாக இருக்கும்போது கூட்டத்துக்குத் தேதி குறித்தால், அதே அறிக்கை அரசு ஊழியர் ஒருவரின் மேசையில் வந்து விழும். அரசின் கொள்கைக்கு எதிராகத் தீர்மானம் எழுது என்று அவரிடம் கேட்பது அவருக்கும் நியாயமல்ல.

கேரளத்தில் பிளாச்சிமடை இருக்கும் பெருமாட்டி ஊராட்சி 2003-இல் கோக்கோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு ஆலை நின்றது. வழக்குகள் நீண்டன, சட்டக்கேள்விகள் பல எழுந்தன. ஆனால் முதல் 'முடியாது' ஒரு கிராமத்து மன்றத்திலிருந்து வந்தது. அந்த மன்றத்தில் அன்று தனி அலுவலர் உட்கார்ந்திருந்தால் உரிமம் மேசையிலேயே புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

மிஞ்சுவது அரசின் சமாதானம்: வார்டு மறுவரையறை, நகரங்களின் விரிவு, இடஒதுக்கீட்டுக் கணக்கு, நேரம் வேண்டும். 73-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 243-இ பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றம் 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில், உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது தேர்தல் ஆணையத்தின் கடமை, சாக்குச் சொல்லித் தள்ளக்கூடாது என்று தெளிவாக்கிவிட்டது. 2025 ஜனவரி 5 திடீரென்று வந்த தேதியும் அல்ல. 2020 ஜனவரியில் பதவியேற்பு நடந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்த தேதி. மறுவரையறைக்கு ஐந்து வருடம் இருந்தது. இது முதல் தடவையும் அல்ல: 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தபின், 2019 டிசம்பர் வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே தனி அலுவலர் ஆட்சிதான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த மூன்று ஆண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் தம் ஊருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இருபதைத் தாண்டும் வரை காத்திருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்தால் கொதித்தெழும் நாம், இதை நிர்வாக வசதி என்று எடுத்துக்கொண்டோம். எந்தச் சட்டமன்றத் தொகுதியையாவது மூன்று ஆண்டு ஒரு தாசில்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, சாலையில் பஸ் ஓடுகிறதே, இனி எம்.எல்.ஏ. எதற்கு என்று கேட்க யாருக்காவது வாய் வருமா?